கதிரை

கறுப்புக் கோடு போட்ட ஒற்றைத் தாள்.
கொழும்பில் யாரோ பிரித்துப் பார்த்து
மறுபடி ஒட்டிய உறையில்
நாலு மாதம் பிந்தி வந்தது.

பேராசிரியர் ஒட்மார் கெல்வெக், வயது எண்பத்தெட்டு.
சொத்துரிமைச் சட்டத்தில் பதினொரு நூல்.
வழக்காறுகளைத் தேடி மூன்று கண்டம்.
இருபத்தேழு வயதில் பேராசிரியர் இருக்கை;
அந்தத் துறைமுக நகரத்தில்
அவ்வளவு இளவயதில் எவரும் அதில் ஏறியதில்லையாம்.
கீழே மையால் ஒரு வரி, மகளுடையது:
உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள்,
மலரில் சேர்ப்போம்.

நினைவிருக்கிறது.
எழுபத்துநாலு மாசி.
வழக்கொழிந்த முக்குவர் சட்டம் படிக்க வந்த வெள்ளைக்காரனுக்கு
மட்டக்களப்புக் கோட்டிலிருந்து என்னை இரவல் கொடுத்தார்கள்,
நாளுக்கு எட்டு ரூபாய் படியுடன்.
வாவியில் மீன் பாடுமா என்று அவர் கேட்கவில்லை.
கோட்டை கட்டிய ஆண்டையும் கேட்கவில்லை.
ஒல்லாந்தர் தோம்பு, ஓலை, உறுதிக்கட்டு:
பூச்சி அரித்த இடத்தில் உருப்பெருக்கியை வைத்து
ஓட்டையின் அளவையும் குறித்துக்கொண்டார்.

களுதாவளையில் கண்மணிப்பிள்ளை
நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.
வீடு யாருடையது?
"என்ர. அதுக்கு முதல் எங்கட அம்மாட.
இந்தா நிக்கிறாரே, இவர் வந்து ஏறின ஆள்."
புருஷன் சிரித்தான். பேராசிரியர் எழுதினார்.
கையைக் கழுவாமலே அவள் கேட்டாள்:
"இவர் இருக்கிற வீடு ஆர்ர?"
மொழிபெயர்த்தேன்.
பல்கலைக்கழகம் கொடுத்தது, என்றார்.
மொழிபெயர்த்தேன்.
"அதுக்கு முதல் ஆர்ர?"
மொழிபெயர்த்தேன்.
அவர் பேனையை மூடினார்.
"கேள்வி விளங்கல்ல போல" என்று
கோதை எடுத்துக் காகத்துக்கு வீசினாள்.

கல்லடிப் பாலத்தில் ஒரு வாகனம்தான் போகும்.
எதிர்ப்பக்க பஸ் கடக்கும்வரை காத்திருந்தோம்.
அந்த நேரத்துக்குள் சொல்லி முடித்தார்.
என் ஆசிரியருடையது. லெவின்ஸ்டைன்.
முப்பத்துமூன்றில் அவரைப் போகச் சொன்னார்கள்,
சட்டப்படி. அந்தச் சட்டத்தை வாசித்துப் பார்த்தேன்,
ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது.
இரண்டு வருடத்தில் இருக்கையும் வீடும் எனக்கு வந்தன.
மேசை இழுப்பறையில் அவர் மூக்குக்கண்ணாடி.
அனுப்பிவைக்க விலாசம் கேட்டேன்.
யாரிடமோ கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பஸ் கடந்தது. தகடுகள் கடகடக்க ஏறினோம்.
மறுகா எருமைத் தயிர் பற்றிப் பேசினோம்.

யுத்தம் முடிந்து ஒரு வருடம் விலக்கி வைத்தார்களாம்.
பிறகு ஒரு சான்றிதழ்; பிறகு அதே இருக்கை.
தாளில் அது 'ஓர் இடைவெளி' என்றிருக்கிறது.

இதையெல்லாம் எழுதலாமென்று உட்கார்ந்தேன்.
உட்கார்ந்த கதிரை உதுமாலெவ்வையுடையது.

பதிவறைக்காரர். இருபத்திரண்டு வருடச் சர்வீஸ்.
தொண்ணூறு ஆனிக்குப் பிறகு காத்தான்குடியிலிருந்து வரவில்லை.
வரமுடியாது, எல்லாருக்கும் தெரியும்.
நான் போகச் சொல்லவில்லை.
ஆவணியில் நடந்ததைக் கந்தோரில் யாரும் பேசவில்லை.
புரட்டாதியில் என் கதிரையின் பிரம்பு அறுந்தது.
மின்விசிறிக்குக் கீழே அது சும்மா கிடந்தது.
யாரிடமோ கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

போன வருடம் வந்தார்,
பழைய பங்கு வழக்கொன்றின் தீர்ப்புப் பிரதிக்கு.
முத்திரை ஒட்டிய விண்ணப்பம்,
வரிசையில் பதினேழாவது ஆள்.
முறை வந்ததும் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
"பின்னங்கால் இன்னும் ஆடுதா?
நான் கடுதாசி மடிச்சு வெச்சிருந்தன்."
"இல்ல" என்றேன்.
பிரதிக்குக் கட்டணம் வாங்கி
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

மகளுக்கு ஏழு வரி எழுதினேன்.
உங்கள் தந்தை மிகக் கவனமான மனிதர்.
பூச்சி அரித்த ஓட்டைகளையும் அளந்தார்.

கடுதாசி அங்கேதான் இருக்கிறது,
எட்டாக மடித்து, என் பாரத்தில் தட்டையாகி.
வெளியே நீட்டிய ஓரத்தில்
உதுமாலெவ்வையின் கையெழுத்தில் பாதிச் சொல்.
மீதியை வாசிக்கவேண்டுமானால்
எழும்பவேண்டும்.